டேங்க் கன்ட்ரோலரைச் சோதிக்க வீட்டிலேயே இரைச்சல் ஜெனரேட்டர் செய்யலாமா?

கேள்வி – 2022 ஜூன் 3

டிப்ளமோ மூன்றாம் வருடம் படிக்கிறேன். அட்மெகா328 மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஒரு வாட்டர் டேங்க் கன்ட்ரோலர் செய்திருக்கிறேன். மேல் தொட்டி காலியானால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். என் மேசையில் பத்து நாள் ஓடியது, ஒரு குறையும் இல்லை. மாமா வீட்டில் மாட்டியதும் பிரச்சினை ஆரம்பித்தது. அங்கே ஒரு எச்பி மோட்டார், கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய காந்த சுவிட்ச்) வழியாக ஓடுகிறது. கான்டாக்டர் விடும்போது சில சமயம் எல்சிடியில் கட்டம் கட்டமாக எழுத்து வருகிறது, சில சமயம் போர்டு ரீசெட் ஆகிறது. இருபது தடவைக்கு ஒரு தடவைதான் இப்படி. சென்சார் ஒயர் மாடி வரை 15 மீட்டர் போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாமா வீட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பார்க்க முடியவில்லை. ஜீனர் டயோடில் ரேடியோ அலைவரிசை இரைச்சல் செய்யலாம் என்று படித்தேன். அதைப் போர்டு பக்கத்தில் வைத்தால் இதே பிரச்சினையை மேசையிலேயே வரவழைக்க முடியுமா சார்?

ஜூன் 3, இரவு 10.15

முடியும். செலவும் அதிகம் ஆகாது. 12 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டேஜில் தலைகீழாக மின்னோட்டம் விடும் டயோடு) ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டால் 18 வோல்ட். நடுவில் 10 கே ரெசிஸ்டர். ஜீனரில் 0.6 மில்லிஆம்பியர் ஓடும். ஜீனர் முனையிலிருந்து 10 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஓர் அகலப்பட்டை ஆம்ப்ளிஃபயர் ஐசி, அதன் பின்னால் இன்னொன்று. அவ்வளவுதான்.

5 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஜீனர் வேண்டாம். அதில் நடப்பது வேறு, எலக்ட்ரான்கள் தடுப்பைத் துளைத்துக்கொண்டு அமைதியாகக் கடக்கும். 6 வோல்ட்டுக்கு மேலே போனால்தான் அவலாஞ்ச் என்கிற சரிவு. ஓர் எலக்ட்ரான் மோதி இன்னொன்றை விடுவிக்க, அது மேலும் ஒன்றை விடுவிக்க, மலைச்சரிவில் கல் உருள்வது போல. ஒவ்வொரு சரிவும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு நேரத்தில் வருவதால்தான் இவ்வளவு இரைச்சல். மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது இரைச்சல் இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும்.

ஜீனர் இல்லையென்றால் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரைத் தலைகீழாகப் போட்டும் செய்யலாம். என்னிடம் இருந்தவை 8, 9 வோல்ட்டில் தலைகீழாக மின்னோட்டம் விட்டன. அப்படிப் பயன்படுத்திய டிரான்சிஸ்டரைத் திரும்ப ஆம்ப்ளிஃபயரில் போடாதீர்கள், அதன் பெருக்கம் நிரந்தரமாகக் குறைந்திருக்கும்.

ஜூன் 4, காலை 6.30

தம்பி, நேற்று எழுதியதை நம்பி இன்னும் எதுவும் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். ஜீனர் சர்க்யூட் சரிதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. படுத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அறை வெப்பத்தில் எந்த ரெசிஸ்டரும் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபெல்லில் சொல்லும் அளவு) இரைச்சல் தரும். ஜீனரும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து அதை 50 டெசிபெல் உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். மைனஸ் 124. ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதையும் கூட்டினால் மேலும் 90 டெசிபெல், ஆக மைனஸ் 34 டிபிஎம். அதாவது 0.4 மைக்ரோவாட். 50 ஓமில் அது 4.5 மில்லிவோல்ட்.

5 வோல்ட்டில் ஓடும் அட்மெகாவின் கால் (பின்) எதுவும் 1.5 வோல்ட் வரை பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். 4.5 மில்லிவோல்ட் அதன் அருகில்கூட வராது. இரைச்சலின் உச்சம் சராசரியைப் போல ஐந்து மடங்கு எகிறினாலும் 20, 25 மில்லிவோல்ட்தான். பக்கத்தில் வைப்பது என்ன, நேராக ஒயரில் கொடுத்தாலும் உங்கள் போர்டு கண்டுகொள்ளாது. நீங்களும் போர்டு பாஸ் என்று நினைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போவீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

ஜூன் 4, மாலை

கான்டாக்டர் விடும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். அதன் காயிலில் (காந்தச் சுருளில்) மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டு நிறுத்தும் உங்கள் போர்டின் ரிலே (சின்ன காந்த சுவிட்ச்) திறக்கிறது. காயில் தன் மின்னோட்டத்தைச் சட்டென்று விடாது. போக வழி இல்லாததால் வோல்ட்டேஜ் ஏறுகிறது. கான்டாக்ட் இடைவெளி இன்னும் மெல்லியதாக இருப்பதால் காற்று உடைந்து பொறி பறக்கிறது, வோல்ட்டேஜ் விழுகிறது. பொறி அணைந்ததும் மறுபடி ஏறுகிறது, மறுபடி பொறி. கான்டாக்ட் முழுதாக விலகும் வரை இது தொடர்கிறது. ஒவ்வொரு பொறியும் சில நானோநொடியில் எழுந்து விழுகிறது.

ஜீனர் இரைச்சல் தகரக் கூரையில் விடாமல் பெய்யும் மழை மாதிரி. கான்டாக்டர் தருவது சரவெடி. இரண்டும் சத்தம்தான், ஆனால் தூங்குகிறவரை எழுப்புவது சரவெடி.

தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, ஐஇசி 61000-4-4. 5 நானோநொடியில் எழுந்து 50 நானோநொடி அகலம் கொண்ட துடிப்புகள். 15 மில்லிநொடி நீளமுள்ள கொத்து, 300 மில்லிநொடிக்கு ஒரு முறை. மூன்றாம் நிலைச் சோதனையில் பவர் ஒயருக்கு 2 கிலோவோல்ட், சிக்னல் ஒயருக்கு 1 கிலோவோல்ட். 5 நானோநொடியில் எழும் துடிப்பில் 60, 70 மெகாஹெர்ட்ஸ் வரை நல்ல பலம் இருக்கும். அந்த மெஷினை நாம் வாங்க முடியாது. ஆனால் அதன் சின்னத் தம்பியை மேசையில் செய்துவிடலாம்.

ஜூன் 5, காலை

பள்ளியில் மின்சார மணி படம் வரைந்திருப்பீர்கள். காந்தம் சுத்தியலை இழுக்கும், இழுத்ததும் கான்டாக்ட் பிரிந்து மின்னோட்டம் நிற்கும், சுத்தியல் திரும்பும், மறுபடி ஒட்டும். ரிலேயை அப்படியே கட்டப்போகிறோம்.

24 வோல்ட் டிசி காயில் உள்ள ரிலே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயிலுக்கு. காயிலின் மறுமுனையிலிருந்து அதே ரிலேயின் என்சி கான்டாக்டுக்கு (ரிலே இழுக்காதபோது காமனோடு ஒட்டியிருப்பது). காமன் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. காயிலுக்குக் குறுக்கே டயோடு போடாதீர்கள். மற்ற எல்லா சர்க்யூட்டிலும் அந்த டயோடை மறக்காதே என்று நானே சொல்வேன், இங்கே அது இருந்தால் வேலையே நடக்காது. பேட்டரிக்கு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் இரண்டு, தொடரில் 1 ஆம்பியர் ஃப்யூஸ், ஓர் அழுத்து சுவிட்ச். அழுத்தினால் கிர்ரென்று அலறும்.

காயிலும் என்சி கான்டாக்டும் சேரும் முனைதான் எகிறுகிற இடம். பல நூறு வோல்ட் போகும். அங்கிருந்து நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயர் ஒன்று, ஒரு மீட்டர் நீளம், மறுமுனை எதிலும் சேராமல் டேப் சுற்றி மூடியது. இதை உங்கள் சென்சார் ஒயரோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து டேப் போடுங்கள். செம்பும் செம்பும் தொடக்கூடாது. இரண்டு ஒயருக்கும் இடையில் உருவாகும் சில பத்து பிகோஃபாரட் வழியாகத்தான் துடிப்பு தாவும். ஐஇசி சோதனையிலும் ஒரு மீட்டர் நீளத் தகட்டுக்குள் கேபிளை வைத்து இதையேதான் செய்கிறார்கள்.

மேசையில் சமையலறை அலுமினிய ஃபாயிலை விரித்து அதில் பேட்டரி மைனஸை இணையுங்கள். உங்கள் போர்டு அந்த ஃபாயிலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும், இரண்டு நோட்டுப்புத்தகக் கட்டு போதும். ஃபாயில் இல்லாமல் செய்தால் ஒவ்வொரு நாளும் ஒரு விடை வரும், ஏனென்றால் துடிப்பு திரும்பிப் போக நிலையான பாதை இருக்காது.

230 வோல்ட் ஏசி ரிலேயில் இதைச் செய்யும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். 24 வோல்ட்டிலேயே அந்த முனையைத் தொட்டால் சுரீரென்று இருக்கும். பெட்ரோல், தின்னர், வார்னிஷ் பக்கத்தில் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் வேறு இடத்தில் செய்யுங்கள்.

ஜூன் 5, காலை, பத்து நிமிடம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். போர்டை லேப்டாப்பின் யுஎஸ்பியில் மாட்டிக்கொண்டு ரிலேயை அழுத்தாதீர்கள். சீரியல் மானிட்டரில் பார்த்தால் வசதியாக இருக்குமே என்று நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேப்டாப்பின் ஒரு யுஎஸ்பி போர்ட் போய்விட்டது. ரீசெட் ஆனதா என்று தெரிய எல்இடி போதும். நிரல் தொடங்கும்போது மூன்று முறை சிமிட்டச் சொல்லுங்கள்.

ஜூன் 8

தம்பி செய்து பார்த்துவிட்டார். 60 சென்டிமீட்டர் ஒட்டி வைத்து அழுத்தியதும் முதல் நொடியிலேயே எல்சிடியில் கட்டங்கள், அடுத்த நொடியில் ரீசெட். மாமா வீட்டில் நடந்தது அப்படியே மேசைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிழையைக் கூப்பிட்டால் வருகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் அளவுகோல் வேண்டும். ஒயரை 10 சென்டிமீட்டர் மட்டும் ஒட்டி வைத்து ஆரம்பியுங்கள். பத்து நொடி அழுத்துங்கள். அப்புறம் ஒட்டும் நீளத்தை 20 சென்டிமீட்டர் ஆக்குங்கள், அப்புறம் 30. எந்த நீளத்தில் முதல் ரீசெட் வருகிறதோ அதுதான் உங்கள் போர்டின் தாங்கும் அளவு.

இன்னொரு போர்டும் கட்டுங்கள், இப்போது இருக்கிற குறைகளோடு, ஒன்றையும் திருத்தாமல். அதற்குச் சாட்சி போர்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். ரிலே கான்டாக்ட் ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் கருகும். இன்றைய ரிலேயும் போன வார ரிலேயும் ஒன்றல்ல. தினமும் முதலில் சாட்சி போர்டைச் சோதித்து அது வழக்கமான நீளத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகே புதுப் போர்டை வையுங்கள். இரைச்சல் உண்டாக்குவது எவராலும் முடியும். எவ்வளவு உண்டாக்கினோம் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தச் சோதனையால் பயன் இல்லை.

ஜூன் 11

தம்பியின் போர்டைப் போலவே ஒன்று நானும் கட்டினேன். இரண்டு பேரின் அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன.

திருத்தாத போர்டு 30 சென்டிமீட்டரில் விழுகிறது. ரீசெட் பின்னில் வெளி ரெசிஸ்டரே இல்லை, உள்ளே இருக்கும் புல்லப் (5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) மட்டும்தான். அங்கே 10 கே ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரும் போட்டதும் 50. சென்சார் ஒயர் ஒவ்வொன்றிலும், பொது ஒயரையும் விடாமல், போர்டுக்குள் நுழையும் இடத்திலேயே 10 கே தொடராகவும் அதன் பின் 100 நானோஃபாரட் தரைக்கும் போட்டதும் 80. தொட்டியில் தண்ணீர் ஏறுவதை அளக்க மைக்ரோநொடி வேகம் தேவையில்லை, ஒரு மில்லிநொடித் தாமதம் யாருக்கும் தெரியாது. எல்சிடிக்குப் போகும் 30 சென்டிமீட்டர் ரிப்பனை 10 ஆகக் குறைத்ததும் 90.

இதில் நான் எதிர்பார்க்காதது, கெபாசிட்டர் எங்கே இருக்கிறது என்பது அதன் மதிப்பைவிட முக்கியமாக இருந்தது. அதே 100 நானோஃபாரட்டை கனெக்டரிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, நீண்ட கால்களோடு வைத்தபோது 80க்குப் பதில் 55தான் வந்தது. கம்பியின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. நானோநொடித் துடிப்புக்கு அது சின்னத் தடை இல்லை.

எல்சிடியில் குப்பை எழுத்து வந்தால் ரீசெட் ஆகாமலே அது அப்படியே நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை எல்சிடியைப் புதிதாகத் தொடக்கிவிடும்படி நிரலில் எழுதிவிடுங்கள். அது மருந்து இல்லை, ஆனால் வீட்டுக்காரர் கண்ணில் படாது.

உண்மையான மருந்து போர்டில் இல்லை, மாமா வீட்டு கான்டாக்டரில் இருக்கிறது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடராக. இதற்கு ஸ்னப்பர் என்று பெயர். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். பொறி பிறக்கும் இடத்திலேயே அதை அடக்குவதுதான் நல்லது.

ஜூன் 12

ரிலேயை அழுத்தும்போது பக்கத்து அறையில் அம்மாவின் ரேடியோ கத்துகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கத்தத்தான் செய்யும். நீங்கள் கட்டியிருப்பது ஒரு சின்ன பொறி டிரான்ஸ்மிட்டர். 1887 வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியபோது பயன்படுத்தியதும் தூண்டல் சுருளும் பொறி இடைவெளியும்தான். அந்தக் காலத்துச் சுருள்கள் பலவற்றில் மின்னோட்டத்தை விட்டு விட்டு வெட்டியது இதே மணி மாதிரியான துள்ளும் கான்டாக்ட்.

எங்கள் அப்பா 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையம் வைத்திருப்பார். கோவையில் பகலில் அது மெலிதாகத்தான் வரும். தெருக்கோடி மில்லில் மோட்டார் நின்றால் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும், "மில்லு நின்னுடுச்சு" என்பார். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. இரைச்சலில் செய்தி இருக்கிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

சரி, அதனால் ஐந்து பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள். அக்கம்பக்கத்தில் ரேடியோ கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 16

"அப்படியானால் ஜீனர் ஜெனரேட்டர் வீணா?" என்று கேட்டவருக்கு. இல்லை. அது இடிக்கிற சுத்தியல் இல்லை, அளக்கிற ஸ்கேல். 3ஆம் தேதி நான் செய்த தவறு ஸ்கேலை எடுத்து ஆணி அடிக்கச் சொன்னது.

ஜீனர் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அதை ஒரு ஃபில்டருக்குள் (சில அலைவரிசைகளை மட்டும் விடும் சர்க்யூட்) விட்டு மறுபக்கம் ஆர்டிஎல் டாங்கிளில் (யுஎஸ்பியில் மாட்டும் ரேடியோ ரிசீவர்) பார்த்தால் ஃபில்டரின் உருவம் திரையில் அப்படியே வரும். டிவி பார்க்க வந்த இந்த மலிவான டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 தாண்டியும் பிடிக்கும். முதலில் ஜெனரேட்டரை நேராக டாங்கிளில் மாட்டி ஒரு கோடு பதியுங்கள், பிறகு ஃபில்டரை நடுவில் போட்டு இன்னொரு கோடு. இரண்டின் வித்தியாசம்தான் ஃபில்டர். எஃப்எம் நிலையங்களை வெட்டும் 88-108 ஃபில்டர் கட்டியவர்கள் அந்தப் பள்ளத்தைத் திரையில் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

இரண்டு எச்சரிக்கை. டாங்கிளின் தானியங்கி கெயினை (பெருக்கத்தை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குறைக்கக் குறைக்க அது கூட்டிக்கொண்டே போய் கோட்டை நேராக்கிவிடும். அடுத்தது, டாங்கிளில் இருப்பது 8 பிட் மாற்றி. ஜெனரேட்டரை நேராக மாட்டினால் மூச்சு முட்டி, இல்லாத உருவங்களைக் காட்டும். நடுவில் 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) போடுங்கள். அட்டெனுவேட்டரை 10 ஆல் கூட்டினால் கோடும் சரியாக 10 இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த அளவை நம்ப வேண்டாம்.

ஜூன் 19

நேற்று ஞாயிறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. (திருத்தம்: இன்றுதான் ஞாயிறு. நேற்று சனிக்கிழமை.)

அளவு தெரிந்த இரைச்சல் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ரெசிஸ்டரிலேயே இருக்கிறது. 1928இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான்சன் ரெசிஸ்டரின் இரைச்சலை அளந்து வெளியிட்டார், நைக்விஸ்ட் அது ஏன் அப்படி என்று விளக்கினார். இரண்டு பேரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். அவர்கள் சொன்னது, ரெசிஸ்டர் எதனால் ஆனது என்பது பொருட்டில்லை, அதன் வெப்பநிலை தெரிந்தால் அதிலிருந்து கிடைக்கும் இரைச்சல் தெரியும்.

அப்படியானால் கொதிக்கும் தண்ணீர் 373 கெல்வின், உருகும் பனிக்கட்டி 273 கெல்வின். இரண்டும் எங்கள் சமையலறையில் இருக்கின்றன. 50 ஓம் சிப் ரெசிஸ்டர் ஒன்றை மெல்லிய கோஆக்ஸ் கேபிள் முனையில் சால்டர் செய்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் இறக்கி, வாயைத் தண்ணீர் புகாமல் அடைத்தேன். ஓர் எவர்சில்வர் டம்ளரில் பனிக்கட்டியும் தண்ணீரும், இன்னொன்றில் அடுப்பில் கொதிக்கிற நீர். கேபிளின் மறுமுனை குறை இரைச்சல் ஆம்ப்ளிஃபயருக்கு, அங்கிருந்து டாங்கிளுக்கு.

ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் எண் 1 டெசிபெல் என்றால் அது தானாகச் சேர்ப்பது 75 கெல்வின். சூட்டில் 448, குளிரில் 348. வித்தியாசம் 1.1 டெசிபெல் வர வேண்டும். எனக்கு 0.9 வந்தது, அதாவது ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் சொன்ன அளவு நல்லது இல்லை, 1.9 பக்கம் இருக்கிறது. டம்ளரையும் அடுப்பையும் வைத்து இதைத் தெரிந்துகொண்டேன் என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு சின்ன வித்தியாசம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரு நொடி சராசரி எடுத்தாலே 0.003 டெசிபெல் வரை ஆட்டம் குறைந்துவிடும். தொல்லை அங்கே இல்லை, டாங்கிள் சூடாகும்போது கெயின் நகர்வதில் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு-குளிர்-சூடு-குளிர் என்று மாற்றி மாற்றி எட்டு முறை எடுத்தேன்.

ஜூன் 20

நேற்றையதைப் படித்த ஒருவர் இது விளையாட்டு என்கிறார். இதே முறையின் பெரிய அண்ணன்தான் 1964இல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில் நடந்தது. பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் வந்த இரைச்சலை, திரவ ஹீலியத்தில் குளிர வைத்த ஒரு லோடோடு (அளவு தெரிந்த இரைச்சல் தருவது) மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். கணக்கில் வராத சுமார் 3.5 கெல்வின் மிஞ்சியது. அது பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து மிஞ்சிய கதிர் என்று தெரிந்தது, 1978இல் நோபல் பரிசு. குளிர் லோடு கையில் இல்லாமல் இருந்திருந்தால் ஆன்டெனாவில் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஜீனர் ஜெனரேட்டரின் அவுட்புட்டில் ஆன்டெனா மாட்டிப் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உரிமம் இல்லாமல் அலை பரப்புவது சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970இலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்பது அவ்வளவு மெல்லிய இரைச்சல். நம் டப்பா அந்த அலைவரிசையிலும்தான் சீறுகிறது. கேபிளுக்குள்ளேயே இருக்கட்டும், தகரப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஜூன் 26

எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் ஹெச்பி கம்பெனியின் 346பி என்கிற, அளவு தெரிந்த இரைச்சல் மூலம் இருக்கிறது. 28 வோல்ட் கொடுத்தால் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரை, அறை வெப்பத்து ரெசிஸ்டரைவிட 15 டெசிபெல் பக்கம் அதிகமாகத் தரும், ஒவ்வொரு அலைவரிசைக்கும் சரியான எண் அதன் உடம்பிலேயே ஒட்டியிருக்கும். அரை மணி நேரம் கொடுத்தார். என் ஜீனரை, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், அதோடு வைத்துப் பார்த்தேன்.

100 மெகாஹெர்ட்ஸில் 34 டெசிபெல். 1 கிகாஹெர்ட்ஸில் 21. அவ்வளவு சரிவு. காரணம் ஜீனரின் கால்கள். 10 மில்லிமீட்டர் கால் என்றால் 10 நானோஹென்றி, 1 கிகாஹெர்ட்ஸில் 63 ஓம். அதுவே சுவராகிவிட்டது. வீட்டுக்கு வந்து கால்களை ஒட்ட வெட்டி, சிப் கெபாசிட்டருக்கு மாறி, மறுநாளும் போய்த் தொல்லை கொடுத்தேன். 1 கிகாஹெர்ட்ஸில் 28 ஆகிவிட்டது.

அதன் பின்னால் 20 டெசிபெல் அட்டெனுவேட்டரை நிரந்தரமாகத் திருகிவிட்டேன். கையில் இருந்த பலத்தை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று ஆசிரியரிடம் இருந்த பையன் கேட்டான். ஜீனர் ஓடும்போது அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஒன்று, அணைந்திருக்கும்போது வேறொன்று. ஆம்ப்ளிஃபயர் அந்த மாற்றத்தையும் பார்த்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும், அளவு பொய்யாகிவிடும். 20 டெசிபெல் நடுவில் இருந்தால் எதிரொலி போகும்போது 20, திரும்பும்போது 20, மொத்தம் 40 குறைகிறது. ஜீனர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எதிரே இருப்பது 50 ஓம் மாதிரியே தெரியும்.

ஜூலை 2

தம்பி போர்டை மாமா வீட்டில் மாட்டிவிட்டார். ஸ்னப்பரும் போட்டாகிவிட்டது. நேற்று உட்கார்ந்து மோட்டாரை அறுபது முறை போட்டு நிறுத்தியிருக்கிறார். ஒரு ரீசெட் இல்லை.

நான் இங்கே இன்னொன்றும் சேர்த்துப் பார்த்தேன். பழைய மானிட்டர் கேபிளிலிருந்து எடுத்த ஃபெரைட்டில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) சென்சார் ஒயர்களை மூன்று சுற்றுச் சுற்றினேன். 90 சென்டிமீட்டரில் விழுந்த போர்டு ஒரு மீட்டர் முழுதும் தாங்கியது, 120க்கு நீட்டிய பிறகுதான் விழுந்தது. சுற்று மூன்றானால் தூண்டல் ஒன்பது மடங்கு, அதனால்தான் இவ்வளவு பலன். எல்லாரும் போடுங்கள்.

ஜூலை 9

ஜூலை 2இல் ஃபெரைட் பற்றி எழுதியதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று வேறு ஒரு போர்டுக்காக ரிலேயை எடுத்தேன். வழக்கம்போல் சாட்சி போர்டை முதலில் வைத்தேன். 30இல் விழ வேண்டியது 40 வரை விழவில்லை. போன வாரம் ஃபெரைட் சோதித்த அன்று சாட்சி போர்டை வைக்காமலே ஆரம்பித்துவிட்டேன். ரிலேயைத் திறந்து பார்த்தால் கான்டாக்ட் இரண்டும் கருகிக் குழி விழுந்திருக்கிறது, பொறி பலம் இழந்துவிட்டது.

புது ரிலே போட்டதும் சாட்சி 30க்குத் திரும்பியது. ஃபெரைட்டோடு மறுபடி சோதித்தேன். 95. ஃபெரைட் இல்லாமல் 90. 5 சென்டிமீட்டர் வித்தியாசம் என் கை ஒயரைப் படுக்க வைக்கும் விதத்திலேயே வரும். யோசித்தால் இது சரிதான், ஒவ்வொரு ஒயரிலும் ஏற்கெனவே 10 கே இருக்கிறது. ஃபெரைட் சேர்ப்பது சில நூறு ஓம். அதற்கு அங்கே என்ன வேலை.

அதே ஃபெரைட்டை போர்டின் 12 வோல்ட் சப்ளை ஒயருக்கு மாற்றி, துடிப்பையும் அந்த ஒயரில் கொடுத்துப் பார்த்தேன். அங்கே 10 கே போட முடியாது அல்லவா. ஃபெரைட் இல்லாமல் 40, மூன்று சுற்றோடு 75. தொடங்கும்போதும் முடித்த பிறகும் சாட்சி 30இலேயே விழுந்தது.

தம்பி, உங்கள் ரிலேயும் ஒரு மாதமாக ஓடுகிறது. உங்கள் சாட்சி போர்டு இப்போது எத்தனை சென்டிமீட்டரில் விழுகிறது?